மண்ணு படிக்கப் போகிறாள்

1

என் அண்ணன் என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. காரணம், மண்.

வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மண்ணுக்கென்றால் எங்கள் குடும்பத்துக்கும் சண்டை போடத் தெரியும். இது வேறு மண். இங்கிலாந்தில், ஸ்விண்டன் என்ற ஊரில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பல் துலக்கிக்கொண்டே என் மகள் சொன்ன மண்.

அண்ணன் பெயர் தட்சிணாமூர்த்தி. முத்துப்பேட்டைக்கு வடக்கே, ஆறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற எங்கள் ஊரில் விவசாயம் செய்கிறார். ஞாயிறுதோறும் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு வீடியோவில் வருவார். போனை எப்படித்தான் பிடிப்பாரோ, எனக்குத் தெரிவது அவர் நெற்றியும் மேலே சுற்றுகிற மின்விசிறியும்தான். அன்றைக்கு அந்த நெற்றி என் மகள் கயல்விழியைக் கூப்பிடச் சொன்னது. கயலுக்குப் பதினெட்டு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் அவளைக் 'கேல்' என்று ஒரு கீரையின் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இருபது வருஷத்தில் நான் திருத்த முயன்று தோற்றவற்றில் அதுவும் ஒன்று.

"கயலு, எப்பம்மா சேர்ற அங்க? என்ன படிக்கப் போறான்னு இங்க எல்லாரும் கேக்குறாங்க. மாமாவுக்குச் சொல்லத் தெரியல."

"மாமா, அங்க போகல நான். வேற எடம். நான் மண்ணு படிக்கப் போறேன்."

"என்னது?"

"மண்ணு, மாமா." நுரையைத் துப்பிவிட்டு வந்து தெளிவாகச் சொன்னாள். "வெறும் மண்ணு."

நெற்றி மறைந்தது. மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு அதுவும் போய்விட்டது.

பாவி மகள் சொல்ல வந்தது என்னவென்றால், மண்ணைப் பற்றிப் படிக்கப் போகிறேன், வேறு பாடம் எதுவும் கலக்காமல் மண்ணை மட்டும் படிக்கப் போகிறேன் என்பது. அதில் ஓர் 'ஐ'யும் ஒரு 'பற்றி'யும் விழுந்துவிட்டன. நம் தமிழிலோ மண்ணுக்கு மரியாதை போதாது. "என்ன சமையல்?" என்று கேட்டால் எரிச்சலில் இருக்கிறவள் "மண்ணு" என்பாள். உருப்படாதவன் மண்ணாய்ப் போனான், தோற்றவன் மண்ணைக் கவ்வினான், ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்தால் அவன் வாயில் மண்ணைப் போட்டோம். தாய்மாமன் ஆசையாக என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்க, சீமையில் வளர்ந்த மருமகள் 'மண்ணு, வெறும் மண்ணு' என்றால் அந்த மனுஷன் காதில் என்ன விழுந்திருக்கும்? உனக்கெல்லாம் சொல்லணுமா, போய்யா என்றுதான் விழுந்திருக்கும்.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வசந்தி அண்ணியைக் கூப்பிட்டேன்.

"துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளியில போயிட்டாங்க. இப்ப ஒண்ணும் பேசாதம்மா. அந்தப் புள்ளைக்கு நாங்க என்ன கொற வச்சோம், சொல்லு?" என்று அண்ணியும் வைத்துவிட்டார்.

2

அண்ணன் கோபித்ததில் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் யோக்கியதையையும் சொல்ல வேண்டும்.

மார்ச் மாதத்தில் கயலுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து அழைப்பு வந்தது. முதலாவதின் பேரை எழுதமாட்டேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவருக்கும் தெரிந்த பேர் அது. எங்கள் வீட்டில் அதற்குப் 'பெரிய கோயில்' என்று பேர். பார்க்கப் போன அன்று என் வீட்டுக்காரர் சேகர் வைத்தது. தேன் நிறக் கல், கோபுரங்கள், நடுவில் யாரும் மிதிக்கக் கூடாத புல்வெளி, அதைச் சுற்றிப் பிரகாரம் போல நடைபாதை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று என் கால் ஒரு நொடி தயங்கியது சத்தியம். மணி அடித்தது. கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் சைக்கிளில் போனாள். அவள் முகத்தில் கயலின் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டு நான் பாட்டுக்கு நின்றுவிட்டேன். சேகர் வந்து தோளைத் தட்டினார்.

இரண்டாவது, வடக்கே, மூன்று ரயில் மாறிப் போக வேண்டிய ஊரில். சிமெண்டுக் கட்டடங்கள், கண்ணாடிக் கூரை போட்ட கூடங்கள், பின்னால் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்த வயல், விடாத தூறல். எங்களைச் சுற்றிக் காட்டிய பேராசிரியை முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். இதற்கு 'நாற்றங்கால்' என்று பேர் விழுந்தது. இதன் அசல் பேரை ஊரில் சொன்னால் "அது எங்க இருக்கு?" என்பார்கள். இங்கேயும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

சேகர் கும்பகோணத்துக்காரர். எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கணினியில் பெரிய அட்டவணை ஒன்று போட்டார். இந்த நாட்டில் பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்துகிற பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. மொத்தப் பட்டியல் எதை எடுத்தாலும் பெரிய கோயில் தலையில் உட்கார்ந்திருக்கும், நாற்றங்கால் எங்கேயோ காலடியில் கிடக்கும். ஆனால் துறைவாரியாகப் பார்த்தால் கதை தலைகீழ். மண்ணியல் என்ற கட்டத்தில் நாற்றங்கால்தான் மேலே. பெரிய கோயிலில் மண்ணியல் என்று தனியாக ஒரு படிப்பே கிடையாது. புவியியலில் சேர்ந்தால் இரண்டாம் வருஷத்தில் ஒரு பருவம் மண் வரும், பிறகு போய்விடும்.

"மொத்தப் பட்டியல்ல வர்ற அந்த 'மதிப்பு'ங்கிற கட்டத்துக்கு எப்படி மார்க் போடுறாங்க?" என்று கேட்டேன்.

"பேராசிரியர்களுக்குக் கடுதாசி போட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல எடம் எதுன்னு கேப்பாங்களாம்."

"அவங்க அங்க போய்ப் பாத்திருப்பாங்களா?"

"எல்லாரும் எங்க போறது? கேள்விப்பட்டத வச்சுச் சொல்றதுதான்."

கல்யாணத்துக்கே போகாதவரிடம் சாம்பார் எப்படி இருந்தது என்று கேட்கிற மாதிரி. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் மனசு அந்தக் கட்டத்தை விட்டு நகரவில்லை. அழைப்பு வந்த அன்றே அண்ணனுக்குப் போன் செய்து பெரிய கோயிலின் பேரைச் சொல்லி, "கெடச்சிருச்சுண்ணே" என்றேன். இன்னொன்றும் வந்திருக்கிறது, அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை என்பதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். மறக்கவில்லை.

ஒரே வாரத்தில் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஃபிளக்ஸ் எழும்பிவிட்டது. ஏதோ கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டிய கயல், பக்கத்தில் யாருடையதோ ஒரு முழங்கை, பின்னணியில் லண்டன் மணிக்கூண்டு. 'உலகப் புகழ் பெற்ற' என்று ஆரம்பித்து, அந்தப் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டு, 'பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகும் எங்கள் குலவிளக்கே!' என்று முடித்திருந்தார்கள். கீழே தாய்மாமன் பேர்.

அதற்குப் பிறகு உரக்கடைக்குப் போனால் அண்ணனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்களாம். அண்ணியே சொன்னார். முப்பது வருஷமாக வரிசையில் நின்றே யூரியா மூட்டை வாங்கியவர். நாற்காலி போட்டதும் உட்காரத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

3

நான் இங்கே ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழரைக்குக் குழாய்கள் பெட்டி பெட்டியாக வரும். மஞ்சள் மூடி, ஊதா மூடி, நீல மூடி. எங்கள் முதல் சட்டம், பேர் ஒட்டாத குழாயைத் தொடாதே. யாருடைய உயிர் அதில் தவித்துக்கொண்டிருந்தாலும் சரி, மேலே பேர் இல்லையென்றால் குப்பைக்குத்தான்.

இந்த வேலைக்கு வருவதற்குள் நான் பட்டது கொஞ்சமில்லை. எங்கள் பக்கத்துக் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவள் நான். நன்றாகப் படித்தவளும்கூட, அடக்கம் எதற்கு? இங்கே வந்து விண்ணப்பம் நிரப்பினால் 'பல்கலைக்கழகம்' என்ற இடத்தில் ஒரு பட்டியல் கீழே விரியும். உலகத்தில் இருக்கிற பேரெல்லாம் வரும். என்னுடையது வராது. மேலும் கீழும் உருட்டி உருட்டிக் கடைசியில் 'மற்றவை' என்று இருக்கும். அதைத்தான் அமுக்கினேன். வேலைக்கு, உரிமத்துக்கு, மேல்படிப்புக்கு, எல்லாவற்றுக்கும் மற்றவை. சான்றிதழில் மூன்று முத்திரை வாங்கி அனுப்பினால், நான்காவது எங்கே என்று கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் வரும். இந்த ஊரில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நேர்காணலில் ஒரு அம்மாள் என் கல்லூரிப் பேரை மூன்று முறை வாசிக்கப் பார்த்துவிட்டு, "சரி, அதை விடுவோம்" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போது அழுதேன்.

கடைமடைக்காரிக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஜூனில் மேட்டூர் திறப்பார்கள். கல்லணையில் பூத்தூவுகிற படம் பேப்பரில் வரும். தண்ணீர் தஞ்சாவூர் தாண்டி, மன்னார்குடி தாண்டி, ஒவ்வொரு மதகிலும் பங்கு கொடுத்துவிட்டு எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மேற்கே நாற்று முளைத்து நிற்கும். வரும்போதும் தண்ணீர் முதலில் வராது. நுரை வரும், சருகு வரும், யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு மிதந்து வரும், அதற்குப் பின்னால்தான் தண்ணீர். "உங்க ஊருக்கு வர்றது காவிரியா, மெட்ராஸ் கூவமா?" என்று சேகர் கிண்டல் செய்வார். தலைமடைக்காரர்களுக்கு வாய் நீளம்.

இங்கே வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தூறல் போடும். சாலையோரமாக ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் ஓடும். முன்னால் ஒரு பழுத்த இலை, அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்டிருக்கிறேன், ஒருமுறை இல்லை, பலமுறை. அந்த மாதிரி ஒரு சாயங்காலத்தில்தான் எனக்குள் அந்த ஆசை வந்து உட்கார்ந்தது என்று நினைக்கிறேன். என் மகள் பட்டியலில் தேடக் கூடாது. அவள் பேர் சொன்னதும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். நான் மற்றவையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவள் தலைமடையாக இருக்கட்டும்.

4

கயலுக்கு மண் பிடித்தது நாலு வருஷத்துக்கு முன்னால். ஈஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தோம். சித்திரை வெயில், வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. எங்கள் நிலத்தின் கிழக்கு ஓரத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் அளவுக்கு ஒரு துண்டு உண்டு. கோடையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் பூத்துவிடும். என்ன போட்டாலும் வராது. உப்புமூலை என்று அதற்குப் பேர். குடும்பத்தில் யாரையாவது உதவாக்கரை என்று திட்ட வேண்டுமென்றால் "உப்புமூலை" என்போம். என்னையே அப்பா அப்படித் திட்டியிருக்கிறார்.

கயல் குனிந்து அந்த வெள்ளையை விரலால் சுரண்டி, நான் ஐயோ என்பதற்குள், நக்கிப் பார்த்துவிட்டாள்.

"மாமா, சிப்ஸ் மாதிரி இருக்கு."

அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு, முன்பு ஒரு முகாமில் மண்ணைக் கொடுத்துப் பரிசோதிக்கச் சொன்ன கதையைச் சொன்னார். முடிவு எழுதிய அட்டை வந்ததாம். பேர் இவர் பேர், மண் யாருடையதோ. 'உப்பு இல்லை' என்று போட்டிருந்ததாம்.

"உப்பு இல்லையாம்! இத நக்கிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நீ பாத்தல்ல? ஏம்மா, உங்க ஊர்ல இதப் படிச்சுச் சொல்ல ஆள் இருக்கா?"

"நான் சொல்றேன் மாமா" என்றாள் கயல்.

பதினாலு வயசுப் பிள்ளை சொன்னது. நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் ஓர் அதிகாரி, "மண், செடி, இறைச்சி ஏதாவது உண்டா?" என்றார். நான் நிமிர்ந்து நின்று இல்லவே இல்லை என்றேன். பக்கத்தில் கயல் கையைத் தூக்கிவிட்டாள். அவளுடைய சாப்பாட்டு டப்பாவுக்குள் உப்புமூலை!

"சும்மா மண்தான்" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"அதைத்தான் அம்மா நானும் சொல்கிறேன். மண்" என்றார் அவர்.

படிவம் கொடுத்தார்கள். பறிமுதல் செய்யப்படும் பொருள், எடை, எங்கிருந்து. 'மதிப்பு' என்று ஒரு கட்டம். நான் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கயல் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் இல்லைன்னு எழுதின?"

"பின்ன என்னத்த எழுதுறது? வாடி."

வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். டப்பா போன வருத்தம் என்று நினைத்தேன்.

நாற்றங்காலைப் பார்க்கப் போன அன்று அந்த ரப்பர் பூட்ஸ் பேராசிரியை எங்களை ஓர் அறைக்குள் கூட்டிப் போனார். சுவர் முழுக்கப் போத்தல்கள். உலகத்து ஆறுகளின் மண். சிவப்பு, கறுப்பு, சாம்பல், நம் ஊர் மஞ்சள் பொடி மாதிரி ஒன்று. ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டியிருந்தது. கயல் எழுத்துவரிசையில் விரலை ஓட்டிக் காவிரியைத் தேடினாள். இல்லை. வெளிநாட்டு மண்ணை வரவழைக்க அரசாங்க அனுமதி எங்களிடம் இருக்கிறது, நீ வந்தால் அந்த இடத்தை நிரப்பலாம் என்றார் பேராசிரியை. அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். ஒரு மண்ணை முதன்முதலில் எந்த இடத்தில் தோண்டிப் படித்துப் பதிவு செய்கிறார்களோ, அந்த இடத்தின் பேரையே பெரும்பாலும் அந்த மண்ணுக்கு வைப்பார்களாம்.

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வெளியே தூறல் விட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

பதினோரு நாளும் வீட்டில் போர்தான். முடிவைக் கணினியில் பதிய வேண்டிய கடைசி நாள் ஜூன் முதல் வியாழக்கிழமை, மாலை ஆறு மணிக்குள். ஒன்றைத் தேர்ந்து பொத்தானை அமுக்கினால் மற்றது கைவிட்டுப் போய்விடும்.

"மண்ணப் படிக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்? மன்னார்குடிக்குப் பஸ் ஏறுனா சும்மாவே கெடைக்குமே!" என்று கத்தினேன்.

"அம்மா, எல்லாரும் அந்தப் பேரைச் சொல்றாங்க. அங்க எனக்கு வேண்டியது இல்ல. உனக்கு வேண்டியதுதான் இருக்கு."

இவ்வளவு சரியான தமிழை இவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று ஆத்திரமாக வந்தது. சேகர் நடுவில் புகுந்து, "எங்க அப்பா சொல்வாரு, பொன்னி பேர் பெத்த ரகம்தான், உப்பு மண்ணுல போட்டா பதர்தான் வரும்னு" என்றார்.

"நெல்லு வேற, புள்ள வேற. நீங்க போய் உங்க கட்டத்தப் பாருங்க."

இதற்கிடையில் அண்ணனுக்குக் குரல்பதிவாக அனுப்பித் தள்ளினேன். அண்ணே, அவ உங்களத் திட்டலண்ணே, மண்ணைப் பத்தி ஒரு படிப்பு இருக்குண்ணே, அதத்தான் சொன்னா, தமிழ் சரியா வராது அவளுக்கு. ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை. நீலக்கோடு விழவே இல்லை. அந்த ஃபிளக்ஸுக்குக் கீழே நின்று பஸ் ஏறுகிற ஒவ்வொருவரும் அண்ணனைக் கேட்டிருப்பார்கள். உரக்கடை நாற்காலியைக் கண்ணால் பார்க்காமலே அது என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் போட வைத்தவள் நான்.

வியாழக்கிழமை எனக்கு விடுப்பு. சேகர் வேலைக்குப் போயிருந்தார். கயலுக்கு மதியம் பரீட்சை, காலையில் குளிக்கப் போயிருந்தாள். மேஜையில் அவளுடைய கணினி திறந்து கிடந்தது. திரையில் இரண்டு பேர்கள், இரண்டு பொத்தான்கள். நான் வெறுமனே பார்க்கத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் அம்புக்குறியை நகர்த்திப் பெரிய கோயிலின் மேல் வைத்தேன். அமுக்கினால் முடிந்தது. கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லலாம். அண்ணன் நாற்காலியில் உட்காருவார். யாரும் "சரி, அதை விடுவோம்" என்று சொல்லமாட்டார்கள். குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கள் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் வருகிற சத்தம் மாதிரியே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. விரல் பொத்தானின் மேலேயே இருந்தது.

போன் அடித்தது. அண்ணன்.

"என்னடி, இவ்ளோ பேசி அனுப்பிருக்க? உங்க அண்ணிதான் எல்லாத்தையும் போட்டுக் கேட்டுட்டு, காலையிலேருந்து என் உசுர எடுக்குறா. எங்க அவ? குடு."

கயல் தலையில் துண்டோடு வந்தாள். போனைக் கொடுத்தேன். நெற்றியும் மின்விசிறியும்.

"கயலு, மண்ணு படிக்கப் போறேன்னியே. எந்த மண்ணு?"

"நம்ம மண்ணு மாமா. உப்புமூலை."

திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. போய்விட்டாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன். இருந்தார்.

"அத யாரும்மா படிப்பா?"

"நான்தான். நான் சொல்றேன்னு சொன்னேன்ல மாமா? எங்க தோண்டிப் படிக்கிறாங்களோ அந்த எடத்துப் பேர மண்ணுக்கு வைப்பாங்க. போத்தல்ல எழுதி ஒட்டுவாங்க."

"உப்புமூலைன்னா?"

"ஆமா மாமா."

"எங்க, இங்கிலீஷ்லயா?"

"இங்கிலீஷ்லதான். ஆனா உப்புமூலைன்னுதான்."

இப்போதும் போனை வைத்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல். ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒரு முறை போன் கீழே இறங்கியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அண்ணனின் முழு முகமும் திரையில் வந்தது. கண்ணைத் துடைக்கப் போன கையில் போன் இருப்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

கயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள்.

"அம்மா, அம்பு அங்க இருக்கு."

திட்டவில்லை. கோபிக்கவும் இல்லை. என்னைத் தெரிந்தவள் சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வருஷக்கணக்காகப் பேர் ஒட்டாத குழாயைக் குப்பையில் போட்டவள், என் மகளையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்றே பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்று மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீயே அமுக்கும்மா" என்றாள்.

அம்புக்குறியை நகர்த்தினேன். நாற்றங்காலின் மேல் வைத்து அமுக்கினேன். 'உறுதியாக இதுதானா?' என்று கேட்டது. இந்த நாட்டில் எதையும் இரண்டு முறை கேட்பார்கள். இதுதான் என்று இரண்டாவது முறையும் அமுக்கினேன். பெரிய கோயில் திரையிலிருந்து மெல்ல மங்கி மறைந்தது. அழுகை வருமென்று எதிர்பார்த்தேன். பசிதான் வந்தது. இரண்டு பேரும் தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டு அவளைப் பரீட்சைக்கு அனுப்பினேன்.

6

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு அண்ணன் கூப்பிடவில்லை. பத்தே காலுக்கு ஒரு குரல்பதிவு வந்தது.

"மேட்டூர் தொறக்கப் போறானாம், பேப்பர்ல போட்டிருக்கான். தண்ணி நம்மகிட்ட வர இன்னும் நாள் ஆவும். அதுக்குள்ள தோண்டணுமா, அப்புறம் தோண்டணுமான்னு கயலக் கேட்டுச் சொல்லு. உரக்கடையில கேட்டானுவோ, என்னண்ணே, அங்க சேரலியாமேன்னு. உக்காந்துக்கிட்டே சொன்னேன், எங்க உப்புமூலையப் படிக்கப் போவுதுடா புள்ள, அதுக்கு அந்தக் காலேஜு பத்தாதுன்னு. அப்புறம் ஒரு போட்டோ அனுப்பிருக்கேன் பாரு. ஃபிளக்ஸ் கடைக்காரன் 'மண்ணைப் பற்றி'ன்னு போடுவோம், அதான் சரின்னான். புள்ள எப்படிச் சொன்னிச்சோ அப்படியே போடுடான்னுட்டேன்."

போட்டோவைத் திறந்தோம். அதே பஸ் நிறுத்தம், அதே ஃபிளக்ஸ், அதே முழங்கை, அதே லண்டன் மணிக்கூண்டு. முழுதாக மாற்றவில்லை, சிக்கனக்காரர். அந்த உலகம் அறிந்த பேரும் 'பல்கலைக்கழகத்தில்' என்பதும் இருந்த இடத்தில் மட்டும் குறுக்கே ஒரு பட்டையை ஒட்டியிருந்தார். பட்டை கொஞ்சம் கோணல். கயல் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துச் சத்தமாக வாசித்தாள்.

"உலகப் புகழ் பெற்ற... உப்புமூலை மண்ணு... படிக்கப் போகும்... எங்கள் குலவிளக்கே."

இன்னொரு முறை வாசித்தாள். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சிவப்பு மைத் திருத்தங்களைப் பார்த்துப் பயந்தவள், என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இதுல தப்பு ஏதாவது இருக்கா?"

"ஒரு மண்ணும் இல்ல" என்றேன்.